காட்டுத்தீப் புகையையும் மேகத்தையும் செயற்கைக்கோள் படத்தில் பிரித்தறிவது எப்படி?

கேள்வி:
2023 ஜூன் மாதம் கனடாவின் கியூபெக் மாகாணக் காடுகளில் எழுந்த புகை நியூயார்க் வானத்தை ஆரஞ்சு நிறமாக மாற்றிய நாட்களின் படங்களை, நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் நாள்வாரியாகப் பார்த்து வருகிறேன். தீ எரியும் இடத்தருகே புகை தெளிவாகத் தெரிந்தாலும், தொலைவு கூடக்கூட அது மேகத்தோடு கலந்துவிடுகிறது. எந்த இடத்தில் புகை முடிகிறது என்று என்னால் கோடு போட முடியவில்லை. படத்தில் புகை அடர்ந்து தெரியும் சில இடங்களில் தரையிலுள்ள நுண்துகள் அளவு குறைவாக இருப்பதும் குழப்புகிறது. இந்த இரண்டு ஐயங்களையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இயல்பு நிறப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதே காட்சியை 2.1 மைக்ரோமீட்டர் அளவிலான குற்றலை அகச்சிவப்புப் பட்டையிலும் (கண்ணுக்குத் தெரியாத, சிவப்பைவிட நீண்ட அலைநீள ஒளி) திறந்து பாருங்கள். புகைத்துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை என்பதால் அந்த அலைநீளத்தில் மெல்லிய புகை ஏறக்குறைய மறைந்துவிடும். அவற்றைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்துளிகளாலான மேகமோ அப்படியே நிற்கும். நாளொன்றுக்கு ஒரு படம் என்பதும் போதாது. பூமியின் ஒரே பகுதிக்கு மேலே எப்போதும் நிற்கும் கோஸ், ஹிமவாரி போன்ற புவிநிலைச் செயற்கைக்கோள்கள், தமக்குத் தெரியும் பூமியின் முழு வட்டத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படமெடுத்துத் தருகின்றன. அவற்றை அசைபடமாக ஓட்டினால் மேகங்கள் தோன்றிக் கலைவதும், புகை ஒரே நாடாவாக நீண்டு செல்வதும் கண்ணுக்கே புலப்படும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் புகை இன்னும் துலக்கமாகத் தெரியும்.

மறுமொழி 2:
மேகத்தின் மேல் படர்ந்த புகைக்கு, சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி தரும் புற ஊதா ஏரோசால் குறியீடு (புற ஊதா ஒளியை உறிஞ்சும் காற்றுத் துகள்களைக் காட்டும் அளவு) உதவும். பாலைவனத் தூசியும் அதில் உயர்ந்த மதிப்பையே காட்டும் என்பதால், அதே கருவியின் கார்பன் மோனாக்சைடு படத்தையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்; தூசியோடு அந்த வாயு வருவதில்லை. ஒரு எச்சரிக்கை: மழை துகள்களைக் கழுவிய பிறகும் அந்த வாயு வாரக்கணக்கில் காற்றில் நிலைத்திருக்கும். ஆகவே அது புகை வந்த வழியைக் காட்டுமே தவிர, இப்போது சுவாசிக்கும் காற்றின் நிலையைக் காட்டாது.

மறுமொழி 3:
உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு விடை உயரத்தில் இருக்கிறது. இப்படங்கள் தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரையிலான முழு அடுக்கையும் ஒன்றாக்கிக் காட்டுகின்றன. அதே ஜூன் இறுதியில் கனடாப் புகை அட்லாண்டிக்கைக் கடந்து போர்ச்சுக்கல், ஸ்பெயின் வரை சென்றபோது, பெரும்பகுதி மிக உயரத்திலேயே பயணித்தது. உயரத்தை அறிய லைடார் (லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதை அளக்கும் கருவி) வேண்டும். அக்கருவியைச் சுமந்து 2006இல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோள் 2023இல் பணியை முடித்துக்கொண்டது, 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் இப்போது அளக்கிறது. ஆனால் லைடாரின் பார்வை ஒரு மெல்லிய கோடு மட்டுமே. எனவே நான் காற்றின் போக்கைக் கணக்கிடும் ஹைஸ்பிளிட் என்ற கணினி மாதிரியில் 500 மீட்டர், 3,000 மீட்டர் என வெவ்வேறு உயரங்களிலிருந்து காற்றின் பாதையைப் பின்னோக்கி வரைந்து, எந்தப் பாதை தீ எரிந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்ப்பேன். மக்களை எச்சரிக்கும் முடிவை மட்டும் தரை அளவீட்டைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.