கம்பெனி வேன் ஓட்டிய தம்பிமேல் குடித்து ஓட்டிய கேஸ் (185-ஆம் பிரிவு): மறுபடி டிரைவர் வேலை கிடைக்குமா?

பாலக்கோட்டு அக்கா:

வணக்கம். நான் பாலக்கோடு பக்கம், வீட்டிலேயே தையல் வேலை. என் தம்பிக்காகக் கேட்கிறேன். அவனுக்கு இப்படி எழுதிக் கேட்கக் கூச்சம்.

தம்பி ஓசூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். காலை ஷிப்டுக்குப் பெண் பிள்ளைகளை ராயக்கோட்டை வழியாக ஏற்றிக்கொண்டு போவான். போன தை மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து பைக்கில் வரும்போது போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். குடித்திருந்தது தெரிந்து 185-ஆம் பிரிவில் கேஸ் ஆனது. கோர்ட்டில் ஒத்துக்கொண்டு 10,000 ரூபாய் கட்டினான். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பிடிபட்டது பைக்கில்தான். ஆனால் லைசென்ஸ் ஒன்றுதானே, வேனும் சேர்ந்து நின்றுபோனது. கான்ட்ராக்டர் உடனே வேறு ஆள் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளை யார் கூட்டிப்போவது?

இப்போது லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. போகிற இடத்தில் எல்லாம் "பழைய வேலையை ஏன் விட்டாய்?" என்றுதான் முதல் கேள்வி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் நின்றேன் என்று சொல்லச் சொல்லி மாமா சொல்லிக்கொடுக்கிறார். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், கேட்டால் அவருக்குத்தான் கோபம் வரும்.

கேஸ் விஷயத்தைத் தானாகவே சொல்ல வேண்டுமா? விண்ணப்பத்தில் "குற்ற வழக்கு உண்டா?" என்று கேட்டால் என்ன எழுதுவது? அரசு பஸ் டிரைவர் வேலைக்கு இனி வழியே இல்லையா? இல்லை, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு பர்கூர் சிப்காட்டில் ஹெல்பராகப் போவதே மேலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குட்டியானை 24:

அக்கா, எதையும் சொல்ல வேண்டாம். பைக்கில் நடந்தது யாருக்குத் தெரியப்போகிறது? லைசென்ஸ் கையில் இருக்கிறது, வேலை தெரிகிறது, போதும். ஆக்டிங் டிரைவராக நாலு மாதம் ஓட்டினால் எல்லாம் மறந்துவிடும்.

ட்ரிப்ஷீட்:

மேலே எழுதிய குட்டியானை தம்பிக்கு: யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டீர்கள், எங்களுக்குத் தெரியும். நான் ஓசூரில் கம்பெனி பஸ், வேன் விடுகிற ஓர் இடத்தில் டிரைவர்களை எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஆள் வந்து உட்கார்ந்ததும் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் மத்திய அரசின் லைசென்ஸ் விவரத் தளமான பரிவாகனில் போடுவேன். டீ வருவதற்குள் நிலவரம் வந்துவிடும். அதனால் அக்கா, முதல் வேலையாக உங்கள் தம்பியின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அட்டை கைக்கு வந்திருந்தாலும் ஆன்லைனில் இன்னும் 'சஸ்பெண்ட்' என்றே நின்றால், ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்து மாற்றிய பிறகுதான் வேலை தேடவே கிளம்ப வேண்டும். லைசென்ஸ் நின்றவர்களுக்கான புத்தாக்கப் பயிற்சி முடித்ததற்குச் சான்றிதழ் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள்.

அதைவிட, இந்த ஊரில் எந்த டிரைவர் எதற்கு நின்றான் என்பது ராயக்கோட்டை டீக்கடையிலேயே தெரிந்துவிடும். கான்ட்ராக்டர்கள் ஒருவருக்கொருவர் போன் போடுகிறவர்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போன பிறகு உண்மை தெரிந்தால், குடித்தவன் என்பதோடு பொய் சொன்னவன் என்பதும் சேர்ந்துகொள்ளும். முதலாவதோடு நான் ஆள் எடுத்திருக்கிறேன். இரண்டாவதோடு எடுத்ததில்லை.

ஓனர் எதற்குப் பயப்படுகிறார் என்று புரிந்துகொண்டால் பேசுவது சுலபம். போதையில் ஓட்டி விபத்தானால் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அடிபட்டவருக்கான நஷ்ட ஈட்டிலும் டிரைவர் போதையில் இருந்தார் என்பதை இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு வாதமாக வைக்கலாம். அந்தத் தொகை ஓனர் தலையில் விழலாம். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் வண்டி விடுகிற எவருக்கும் இது கணக்குப் போட்டுக் காட்ட வேண்டிய விஷயமே இல்லை. ஆக, "இனிமேல் குடிக்க மாட்டேன் சார், சத்தியம்" என்று அழுவதால் ஒன்றும் நடக்காது. எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

என்னிடம் ஒருவர் வந்து பேசியது இன்னும் நினைவிருக்கிறது. உட்காருவதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் கவரை மேசைமேல் வைத்தார். "சார், டூவீலர்ல 185 கேஸ். பத்தாயிரம் கட்டின ரசீது இது. மூணு மாசம் லைசென்ஸ் சஸ்பெண்ட், முடிஞ்சுது, இப்ப ஆக்டிவ். தினமும் வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி ஊதுறேன், நோட்டுல எழுதிக்குங்க." அவ்வளவுதான். கேள்வி கேட்க எனக்கு எதுவும் மிச்சமில்லை. மூன்று மாதம் ஸ்பேர் டிரைவராக வைத்திருந்தோம், பிறகு ரூட் கொடுத்தோம்.

இன்னொன்று. காலை ஷிப்ட் வண்டிக்கு ராத்திரிக் குடியே பிரச்சினை. சட்டத்தில் எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். உடம்பு மணிக்குச் சுமாராக 15 மில்லிகிராம்தான் குறைக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு ரத்தத்தில் 120 மில்லிகிராம் அளவோடு படுத்தவன் காலை நாலரைக்கு வண்டி எடுக்க வந்தால் அப்போதும் எல்லைக்கு மேலேதான் இருப்பான். தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று நினைப்பான். மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. தம்பி இதை உண்மையிலேயே விட்டுவிட்டாரா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். விட முடியவில்லை என்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள், போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்கும் பேசலாம். வேலை தேடுவது அதற்குப் பிறகு.

உடனே ஆள் ஏற்றும் வண்டி கேட்க வேண்டாம். சரக்கு வண்டியில் தொடங்கட்டும். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி லோடு இருக்கிறது. சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு வண்டி ஓட்ட ஆள் தேவைப்படும். ஆறு மாதம் ஒரே ஓனரிடம் ஓட்டி, அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் அதற்கு இருக்கிற மதிப்பு எந்தச் சர்டிபிகேட்டுக்கும் கிடையாது.

கோர்ட் குமாஸ்தா:

தர்மபுரியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் "ஃபைன்தானே" என்று நினைக்கிறார்கள். அது தண்டனைதான். மோட்டார் வாகனச் சட்டம் 185-இல் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை அல்லது 15,000, அதோடு லைசென்ஸே ரத்தாகலாம்.

விண்ணப்பத்தில் கேள்வியை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். "வழக்கு நிலுவையில் உள்ளதா?" என்று மட்டும் கேட்டால் 'இல்லை' என்பதே சரியான பதில், வழக்கு முடிந்துவிட்டது. "தண்டிக்கப்பட்டதுண்டா?" என்று கேட்டால் 'ஆம்' போட்டு, பிரிவு, கோர்ட், தேதி, அபராதம் எழுதி ரசீது நகலை வைக்க வேண்டும். கேட்கவே இல்லை என்றால் தானாக எழுத வேண்டியதில்லை, ஆனால் நேரில் சொல்வது பற்றி ட்ரிப்ஷீட் சார் சொன்னதே சரி. ரசீது தொலைந்திருந்தால் அதே கோர்ட்டில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

அரசு வேலைக்குக் கதவு மூடிவிட்டது என்று சொல்ல முடியாது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. கேட்ட தகவலை உண்மையாகக் கொடுக்க வேண்டும், சிறிய குற்றமாக இருந்தால் வேலை கொடுப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம், அதே சமயம் உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிரைவர் வேலைக்கு 185-ஐச் சிறியது என்று பார்ப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே. விண்ணப்பம் போடலாம், அதையே நம்பி உட்கார வேண்டாம்.

ஜன்னல் சீட்:

நான் அந்த மாதிரி வேனில் தினமும் போகிறவள். காலையில் இருட்டில் ஏறி, பாதி வழி தூங்கிக்கொண்டே போவோம். டிரைவருக்குப் பழைய கேஸ் இருந்தது என்று தெரிந்தால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள், உண்மை அதுதான். ஆனால் எங்கள் கம்பெனியில் கேட்டிலேயே எல்லா டிரைவரையும் ஊதச் சொல்கிறார்கள், கேஸ் உள்ளவர் இல்லாதவர் என்று பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் தம்பி ஓட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பாலக்கோட்டு அக்கா:

எல்லாருக்கும் நன்றி. எண்ணைப் போட்டுப் பார்த்தோம், ஆக்டிவ் என்றுதான் காட்டுகிறது. மாமாவிடம் இதைப் படித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்! ராயக்கோட்டையில் தக்காளி லோடு அடிக்கிற ஓர் ஓனர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். நான் முதலில் போய் அவரிடம் பேசி வைக்கட்டுமா?

ட்ரிப்ஷீட்:

வேண்டாம்மா. அக்கா வந்து பேசினால் தம்பியால் வாய் திறக்க முடியவில்லை என்றுதான் ஓனர் நினைப்பார். ரசீது, லைசென்ஸ், அந்த ஆன்லைன் பக்கத்தின் பிரின்ட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுத் தம்பி கையில் கொடுங்கள், தனியாகப் போகட்டும். மண்டியில் காலையில் ஏலம் நடக்கும்போது போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், மதியத்துக்கு மேல் போகச் சொல்லுங்கள். சம்பளப் பேச்சை ஓனரே ஆரம்பிக்கட்டும்.