83ஆம் ஆண்டு பென்ஸ் 240டி: பழைய ஏசியைக் கழற்றி எறியலாமா?

வண்டிக்காரன், சென்னை

என் வண்டி டபிள்யூ123 வரிசையில் வந்த 240டி. 1983ஆம் ஆண்டு மாடல், வலப்பக்க ஸ்டியரிங். எஞ்சின், கியர், சஸ்பென்ஷன் எதிலும் குறையில்லை. ஏசிதான் உயிரை எடுக்கிறது. சித்திரையில் கேஸ் நிரப்பினால் ஆடிக்குள் காலியாகிவிடுகிறது. ஒழுகும் இடம் தெரிந்ததுதான்: ஆர்4 கம்ப்ரசர். தண்டின் சீல் மட்டுமல்ல, உடலின் இணைப்பிலும் எண்ணெய் கசிகிறது. கேஸ் நிறைந்திருக்கும் நாளிலும் கத்திப்பாராவில் நெரிசலில் சிக்கினால் வெறும் காற்றுதான் வருகிறது.

முழுவதையும் அகற்றிவிடலாம் என்றிருக்கிறேன். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1976 முதல் பழைய கார்களுக்கென்றே ஏசி செய்துவரும் வின்டேஜ் ஏர் போன்ற நிறுவனங்கள் முழுத் தொகுப்பாகவே விற்கின்றன. கம்ப்ரசர், கண்டென்சர், கூலிங் காயிலும் ப்ளோயரும் அடங்கிய பெட்டி, ஹோஸ், மின்னணு சுவிட்சுகள் எல்லாம் அதில் அடக்கம். அனைத்தும் 134ஏ கேஸுக்கு ஏற்றவை. வரவழைக்கலாமா? வேண்டாம் என்பவர்கள் மே மாதப் பிற்பகலில் ஒருமுறை என் வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லவும்.

மூலப்பிரதி, புதுச்சேரி

உட்கார்ந்து பார்க்காமலேயே சொல்கிறேன்: வேண்டாம்.

அந்தத் தொகுப்புகள் யாருக்காகச் செய்யப்பட்டவை? அறுபதுகளின் மஸ்டாங், செவ்ரோலே வண்டிகளுக்காக. அவற்றின் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓர் ஆளே படுத்துக்கொள்ளலாம். 123இல் ஹீட்டரும் கூலிங் காயிலும் ஒரே பெட்டிக்குள் நெருக்கியடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. காற்று எந்த வாய் வழியாகப் போக வேண்டும் என்பதை அந்தப் பெட்டியின் கதவுகளே தீர்மானிக்கின்றன. அதைப் பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் அமெரிக்கப் பெட்டி உட்காராது. உட்கார வைப்பதற்காக யாராவது ஒருவர் தகரத்தை வெட்டுவார். வெட்டிய தகரம் மீண்டும் முளைக்காது.

இன்னொன்றும் உண்டு. 50 ஆண்டு நிறைந்த வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்துகொள்ள 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வழி செய்தார்கள். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. உங்கள் வண்டி 2033இல் அந்த வரிசைக்கு வரும். அதற்குள் அவசரப்பட்டு அறுத்துவைக்காதீர்கள்.

உப்புக்காற்று, தூத்துக்குடி

மூலப்பிரதி ஐயாவுக்கு வணக்கம். கம்ப்ரசர் சேஸிஸா, உடற்கூடா, எஞ்சினா? மூன்றுமில்லை. விதியைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

மேலும், 123க்கு ஏசியே பணம் கட்டி வாங்க வேண்டிய கூடுதல் வசதியாகத்தான் இருந்தது. ஏசி இல்லாமல் ஆலையிலிருந்து வெளிவந்தவை எத்தனையோ. அப்படியிருக்க, எந்த மூலத்தைக் காக்கச் சொல்கிறீர்கள்? 1940 மாடலாகப் பாக்கார்ட் நிறுவனம் முதன்முதலில் காரில் ஏசியை விற்றபோது கூலிங் காயில் டிக்கியில் இருந்தது. கம்ப்ரசரில் கிளட்ச் கிடையாது. ஏசியை நிறுத்த வேண்டுமானால் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அதையும் மூல வடிவம் என்று வைத்திருந்தால் இன்றைக்கும் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்போம். கார் ஏசியின் வரலாறே மாற்றிப் பொருத்தியதன் வரலாறுதான். வண்டிக்காரன் தாராளமாக மாற்றட்டும்.

கோவைப் பட்டறை

கார் ஏசி வேலைதான் எனக்குத் தொழில். பெட்டியை வரவழைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், வண்டிக்காரன் சார். ஹீட்டருக்கு வெந்நீர் செல்லும் ஹோஸைக் கிளாம்ப் போட்டு நெரித்துவிட்டு ஏசியை ஓட்டிப் பாருங்கள். காற்று சட்டென்று குளிர்ந்தால் குற்றவாளி கம்ப்ரசர் அல்ல, சரியாக மூடாத வெந்நீர் வால்வு. பக்கத்திலேயே வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தால் எந்த ஊர் ஏசியும் தோற்கும். சில 123களில் இந்த வால்வு மின்சாரத்தால் மூடுவது. மின்சாரம் வராவிட்டாலோ, உள்ளே ரப்பர் கிழிந்தாலோ திறந்தே கிடக்கும். இதைப் பார்க்காமல் ஏசி முழுவதையும் மாற்றிய வண்டிகள் என் பட்டறைக்கு வந்ததுண்டு.

இனி ஒழுகலுக்கு வருவோம். ஆர்4 என்பது நான்கு பிஸ்டன்கள் சக்கரத்தின் ஆரம்போல் நிற்கும் கம்ப்ரசர். குளிர்விப்பதில் குறையில்லை, ஒழுகுவதிலும் குறை வைக்காது. அதைச் சரிசெய்து சரிசெய்து காசை வீணாக்க வேண்டாம். அதைப் பிடித்து நிறுத்தும் தாங்கி (பிராக்கெட்) ஒன்று செய்து சாண்டன் நிறுவனத்தின் கம்ப்ரசரைப் பொருத்துங்கள். ஆனால் கையில் கிடைத்ததை மாட்டிவிடக் கூடாது. ஆர்4இன் கொள்ளளவு ஏறத்தாழ 160 சிசி. எங்கும் கிடைக்கும் சாண்டன் 5எச்14இன் கொள்ளளவு 138 சிசிதான். டீசல் எஞ்சின் ஐடிலில் மெதுவாகச் சுற்றும்போது இந்தக் குறை நன்றாகத் தெரியும். 155 சிசி உள்ள 7எச்15 கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் புல்லியைச் சிறிதாக்கிக் கம்ப்ரசரை வேகமாகச் சுற்றவிடலாம்.

கத்திப்பாராவில் குளிராததற்குக் காரணம் கண்டென்சர். பழையதில் ஒரே குழாய் வளைந்து வளைந்து ஓடும். இப்போது வருபவற்றில் மெல்லிய தட்டைக் குழாய்கள் பல, அருகருகே ஓடுகின்றன. அதே பரப்பளவில் அதிக வெப்பத்தை வெளியேற்றும். அளவெடுத்து, முன்பக்கத்தில் பொருந்தும் மிகப் பெரியதைப் போடுங்கள். அதற்கு முன்னால் நிற்கும் பழைய மின்விசிறியை நம்ப வேண்டாம்.

உள்ளே இருக்கும் பெட்டியைத் தொட வேண்டாம். அதில் நான் மூலப்பிரதி ஐயாவின் பக்கம்.

வண்டிக்காரன், சென்னை

வெந்நீர் ஹோஸை நெரித்துப் பார்த்தேன். வித்தியாசமில்லை. ஆக, வால்வு நிரபராதி.

கோவைப் பட்டறை சொல்வதில் ஒரு சிக்கல். உள்ளிருக்கும் கூலிங் காயிலுக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. வெளியே எல்லாவற்றையும் புதிதாக்கியபின் அடுத்த கோடையில் அது ஓட்டையானால் என்ன செய்வது? அதை எடுக்க டாஷ்போர்டு முழுவதையும் இறக்கியாக வேண்டும். அப்படி இறக்கியபின், பழைய பெட்டியையே திரும்ப வைப்பதற்கு என்ன நியாயம்? அந்தக் கதவுகளை அசைப்பவை வேக்யூமில் இயங்கும் ரப்பர் சவ்வுகள். அவையும் கிழிந்துதான் கிடக்கும்.

மூலப்பிரதி, புதுச்சேரி

கிழிந்த சவ்வை மாற்றலாமே! கூலிங் காயிலும் அதே அளவில் புதிதாகக் கிடைக்கிறது. டாஷ்போர்டை இறக்கும் வேலை இரண்டு வழியிலும் ஒன்றுதான். ஆனால் ஒரு வழியில் எல்லாம் அதனதன் இடத்தில் திரும்ப உட்காரும். மற்றொரு வழியில் ஒவ்வொரு குழாயையும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். நடுவிலும் ஓரங்களிலும் இருக்கும் காற்றுவாய்களுக்கு யார் வழி செய்வார்? கண்ணாடியில் பனி படிந்தால் எந்தக் காற்று அதை நீக்கும்? உப்புக்காற்று சொன்ன பாக்கார்ட் கதை சுவையானது. அதில் இதற்கு விடை இல்லை.

என் உண்மையான வருத்தம் கேஸைப் பற்றியது. இந்த ஏசி ஆர்12 என்ற பழைய கேஸுக்காகச் செய்யப்பட்டது. 134ஏ போட்டால் அந்தக் குளிர் வராது. 12ஐத் தேடிப் பிடித்துப் போடுவதே முறை.

கோவைப் பட்டறை

ஐயா, 12 இனி கிடையாது. ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987இன் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2010 தொடங்கியபோது இந்தியாவிலும் அதன் கதை முடிந்தது. இன்றைக்கு 12 என்று எழுதிய சிலிண்டரை யாராவது நீட்டினால் உள்ளே இருப்பது என்ன என்று கேளுங்கள். சில இடங்களில் அதற்கு மாற்று என்று சமையல் எரிவாயுவின் உறவுக்கார வாயுக்களை நிரப்புகிறார்கள். நன்றாகவே குளிரும், மறுக்கவில்லை. ஆனால் கூலிங் காயில் இருப்பது நீங்கள் உட்காரும் அறைக்குள். அங்கே ஒழுகினால் ஒரு தீப்பொறி போதும். என் பட்டறையில் அதைத் தொடுவதில்லை.

134ஏ குளிராது என்பது பாதி உண்மை. கண்டென்சர் 60 டிகிரியில் இருக்கும்போது 12இன் அழுத்தம் சுமார் 15 பார் என்றால் 134ஏ 17ஐ நெருங்கும். சென்னை வெயிலில், நின்ற வண்டியில், பழைய கண்டென்சர் இந்தக் கூடுதல் சுமையைத் தாங்காது. அதனால்தான் கேஸை மட்டும் மாற்றியவர்கள் 134ஏவைத் திட்டுகிறார்கள். புதிய கண்டென்சர் போட்டால் இந்தப் புகாரில் பெரும்பகுதி போய்விடும். பழைய 12 போட்ட எடையையே போடுவது அடுத்த தவறு; 134ஏவுக்கு அதில் 80 முதல் 90 சதவீதம் போதும்.

பழைய மினரல் எண்ணெய் 134ஏவோடு கலந்து ஓடாது. எங்கோ தேங்கி நின்று கம்ப்ரசரை வறளவிடும். ஆகவே கூலிங் காயிலை நன்றாகக் கழுவ வேண்டும், அல்லது புதிதாக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் 134ஏவுக்கு ஏற்றதாக வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வழியே 134ஏ மெல்லக் கசிந்துவிடும். உட்பக்கம் நைலான் தடுப்புள்ள ஹோஸ் அடித்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தபின்பே வேக்யூம் போடச் சொல்லுங்கள். "கேஸ் போட்டுப் பார்ப்போம்" என்று தொடங்குபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஐந்தாம் கியர், சேலம்

எல்லாரும் குளிரைப் பற்றியே பேசுகிறீர்கள். 240டியின் எஞ்சின் 72 குதிரைத்திறன். அதில் இவ்வளவு பெரிய கம்ப்ரசரைச் சுற்றினால் மிச்சம் என்ன? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏசியோடு ஏறிப் பாருங்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போவார். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கம்ப்ரசர் கிளட்ச்சைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்டர்னேட்டரையும் மறக்க வேண்டாம். 55 ஆம்பியர்தான் பெரும்பாலான 123களில். அதுவும் முழு வேகத்தில் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். இரண்டு மின்விசிறிகள் 20 ஆம்பியர், உள்ளே ப்ளோயர் 10க்கு மேல், ஹெட்லைட் 9, வைப்பர் வேறு. மழைக்கால இரவில் கிண்டியில் நின்றால் பேட்டரி கரையத் தொடங்கும்.

உப்புக்காற்று, தூத்துக்குடி

பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் தீர்ந்தது. ஆனால் மூலப்பிரதி ஐயா அதற்கும் விதியைத் தேடுவார்.

ஒரே ஒரு கேள்வி. 134ஏ மட்டும் நிரந்தரமா? ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் அது இல்லை. அதே மான்ட்ரியல் உடன்படிக்கையின் கிகாலி திருத்தத்தின்படி இந்தியாவும் 2028இல் இத்தகைய வாயுக்களின் அளவுக்கு உச்சவரம்பு கட்டி, 2032 முதல் குறைக்கப்போகிறது. பிறகு இன்னொரு முறை எல்லாவற்றையும் பிரிப்பீர்களா?

கோவைப் பட்டறை

பிரிப்பேன், கூலியும் வாங்குவேன். ஆனால் ஓடும் வண்டிகளுக்கான 134ஏ அதற்குள் மறையாது. அதுவரை ஒருவர் வியர்த்துக்கொண்டே காத்திருக்க முடியாது.

வண்டிக்காரன், சென்னை

முடிவைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பெட்டியைக் கைவிட்டேன். விதிக்குப் பயந்து அல்ல. காற்றுவாய்களுக்கு வழி என்ன என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டாஷ்போர்டை இறக்கி, பழைய பெட்டிக்குள் புதிய கூலிங் காயில், எக்ஸ்பான்ஷன் வால்வு, சவ்வுகள். பானெட்டுக்குக் கீழே எல்லாம் புதிது: 7எச்15, பெரிய கண்டென்சர், ஹோஸ், டிரையர். ஆல்டர்னேட்டரையும் மாற்றுகிறேன், உப்புக்காற்று மகிழட்டும். கொல்லிமலைக்கு ஏசி இல்லாமல் போய்க்கொள்கிறேன். அங்கே ஏசி எதற்கு?

ஆர்4ஐ எடைக்குப் போட்டுவிடலாம்தானே?

மூலப்பிரதி, புதுச்சேரி

போடாதீர்கள்! கம்ப்ரசர், அதன் தாங்கி, பழைய கண்டென்சர், போல்ட் உட்பட எல்லாவற்றையும் எனக்குக் கொடுத்துவிடுங்கள். என் 300டிக்கு ஆகும்.

வண்டிக்காரன், சென்னை

பார்சல் சர்வீசில் போட்டு அனுப்புகிறேன் ஐயா. எண்ணெய் ஒழுகும் என்பதால் பாலித்தீனில் சுற்றி வருவதற்குக் கோபிக்கக் கூடாது. வாடகை உங்களுடையது.