தினமும் இடம் மாறும் ஆட்டுக்கிடைக்கு ஓநாய்த் தடுப்பு: மின்வலை அனுபவம் உள்ளவர்கள் உதவவும்

வணக்கம். புனே மாவட்டம் சாஸ்வட், பாராமதி பக்கத்துப் புல்வெளிகளில் ஓநாய்க் கூட்டங்களைக் கண்காணிக்கிறேன். தங்கர் மேய்ப்பர்கள் இங்கே தரிசில் கிடை போட்டு, ஊர் ஊராக நகர்பவர்கள். தீபாவளிக்கு அப்புறம் கிடையில் குட்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன.

பெரும்பாலும் விடியற்காலை 3 முதல் 5 மணிக்குள். வேலி என்பது இடுப்பளவு நைலான் வலைதான். ஆடுகள் மிரண்டு ஒரு பக்கம் முட்டும்போது வலை சாய்கிறது, அந்த இடத்தில் ஓநாய் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விடுகிறது. உடல் கிடைக்காததால் நஷ்டஈடு கேட்பதும் கஷ்டம். ஊர் நாய்கள் என்றால் பல ஆடுகளைக் குதறிப் போட்டிருக்கும். தானியங்கி கேமராவிலும் ஓநாய்தான் பதிவாகியிருக்கிறது.

சோலார் மின்னும் விளக்கு வைத்தோம், சில வாரங்களில் ஓநாய்கள் அதற்குப் பழகிவிட்டன. காவல் நாய்கள் இருக்கின்றன. ஆனால் ஓர் ஓநாய் முன்னால் நின்று அவற்றை இழுக்க, இன்னொன்று பின்னால் வருகிறது. ஐரோப்பாவில் செய்வதுபோல, கயிற்றில் அரை மீட்டருக்கு ஒன்றாகச் சிவப்புத் துணி கட்டினோம். காற்றில் துணி கயிற்றோடு சுருண்டுகொள்கிறது, தினமும் அவிழ்க்கும்போது கருவேல முள்ளில் சிக்கிக் கிழிகிறது. பகலெல்லாம் நடந்தவர்களை இரவு முழுக்க விழித்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை யாரும் விஷம் வைக்கவில்லை. அந்தப் பொறுமை தீர்வதற்குள் வழி கண்டாக வேண்டும்.

அடுத்து சோலார் மின்வலை (தொட்டால் ஷாக் அடிக்கும் வலைவேலி) வாங்க யோசிக்கிறோம். மட்டக்குதிரையில் ஏற்றும் எடையில் இருக்க வேண்டும். மழைக்குப் பின் காய்ந்து, கல்லாகிப்போன இந்த மண்ணில் எர்த் சரியாகக் கிடைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?