10 வாரமா, 15 வாரமா: கல்லூரிப் பாடத்துக்கு எது பொருந்தும்?

கரும்பலகை:
அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 2012-இல் காலாண்டு முறையைக் கைவிட்டு செமஸ்டருக்கு மாறியது. அம்மாற்றம் சரியானது என்பதே என் உறுதியான கருத்து. காலாண்டில் பாடம் நடத்தக் கிடைப்பது ஏறத்தாழ 10 வாரம். ஐந்தாம் வாரத்தில் இடைத்தேர்வு வைத்து, விடைத்தாள்களைத் திருத்திக் கொடுப்பதற்குள் ஏழாம் வாரம் வந்துவிடுகிறது. தான் எங்கே தவறினோம் என்று கண்டு மாணவர் தம்மைத் திருத்திக்கொள்ள எஞ்சுவது மூன்றே வாரம். 15 வார செமஸ்டரில் அவர் கட்டுரையின் முதல் வரைவை எழுதி, ஆசிரியரின் குறிப்புகளைப் பெற்று, அதை முழுமையாக மாற்றி எழுதவும் இடமிருக்கிறது.

நெடுவழி:
கரும்பலகை அவர்களே, விடைத்தாள் கணக்கை ஒப்புக்கொள்கிறேன்; முடிவை ஏற்க இயலவில்லை. காலாண்டில் ஒரு மாணவர் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பாடங்களையே எடுக்கிறார். செமஸ்டரிலோ ஐந்து பாடங்களை ஒருசேரச் சுமப்பதால், நீங்கள் சொல்லும் கூடுதல் வாரங்கள் ஐந்தாகப் பங்கிடப்படுகின்றன. மேலும், 2022-இல் பொருளியலாளர் மூவர் வெளியிட்ட ஆய்வு, செமஸ்டருக்கு மாறிய கல்லூரிகளில் நான்கு ஆண்டுகளுக்குள் பட்டம் முடிப்போர் விகிதம் குறைந்ததைக் காட்டியது. ஆசிரியரின் வசதியைப் பேசும்போது இதையும் கருத வேண்டாமா?

கரும்பலகை:
நான் பேசியது ஆசிரியரின் வசதியை அன்று, மாணவரின் கற்றலை. நான்கு ஆண்டில் பட்டம் வந்ததா என்பது ஓர் அளவு. அந்தப் பட்டத்துக்குரிய பாடம் மனத்தில் நின்றதா என்பது வேறோர் அளவு. நடைமுறைச் சிக்கலும் உண்டு: பல நிறுவனங்களில் கோடைக்காலப் பயிற்சி மே இறுதியிலேயே தொடங்கிவிட, காலாண்டு மாணவர் ஜூன் நடுப்பகுதி வரை தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்.

சோதனைக்குழாய்:
பாடத்தைப் பொறுத்தே விடை அமையும் என்று நினைக்கிறேன். மூன்று காலாண்டுகளில் நடத்தப்பட்ட இயற்பியலை இரண்டு செமஸ்டர்களில் அடக்கும்போது, ஒளியியல் எந்தப் பக்கமும் சரியாகப் பொருந்தாமல் நடுவில் நசுங்குகிறது. பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகுகளில், 180 காலாண்டு அலகுகள் 120 செமஸ்டர் அலகுகளுக்குச் சமம் என்று தாளில் எளிதாக வகுத்துவிடலாம். ஆய்வகப் பயிற்சிகளை அப்படி வகுக்க முடிவதில்லை.

நெடுவழி:
சோதனைக்குழாய் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகம் 1892-இல் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் தலைமையில் வகுப்புகளைத் தொடங்கியபோது, கோடையையும் உள்ளிட்டு ஆண்டை நான்கு காலாண்டுகளாக வகுத்தது; எந்தக் காலாண்டிலும் படிப்பைத் தொடங்கவோ இடைநிறுத்தவோ அது வழிவிட்டது. உடல்நலக் குறைவாலோ குடும்பப் பொறுப்பாலோ விலக நேரும் மாணவர் அங்கே இழப்பது 10 வாரம். இதையே செமஸ்டரில் வைத்துப் பாருங்கள்: கால்குலஸின் முதற்பகுதியில் தவறியவர், அது மீண்டும் இலையுதிர் பருவத்தில்தான் நடத்தப்படும் என்றால், அதை அடிப்படையாகக் கொண்ட பொறியியல் பாடங்கள் அனைத்துக்கும் ஓராண்டு காத்திருக்கிறார். கரும்பலகை அவர்கள் தரும் கூடுதல் ஐந்து வாரம் அந்த மாணவருக்கு எவ்வகையில் உதவும் என்பதை அறிய விரும்புகிறேன்.