கறுப்பு ரிப்பனை அவிழ்க்கச் சொன்னது சரியா?

கல்லிடை கீப்பர்
போன ஞாயிறு சேரன்மாதேவி பக்கம் ஒரு டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமென்ட். எங்கள் டீம் மொத்தமும் கையில் கறுப்பு ரிப்பன் கட்டி இறங்கினோம். ரிப்பன் என்றால் கடையில் வாங்கியதல்ல, பழைய குடைத் துணியைக் கிழித்து ஊக்கு குத்தியது. தாமிரபரணியில் சாக்கடை விடுவதைக் கண்டித்து. கோஷம் இல்லை, தட்டி இல்லை, டாஸ்கூட நேரத்துக்குப் போட்டாச்சு. அம்பயர் ஒன்றும் சொல்லவில்லை. கமிட்டிக்காரர்தான் மைக்கில், "விளையாட்டில் அரசியல் வேண்டாம், ரிப்பனை அவிழ்த்துட்டு ஆடுங்க, இல்லாட்டி எதிர் டீமுக்கு வாக்ஓவர்" என்று அறிவித்துவிட்டார். அவிழ்த்துவிட்டு ஆடினோம், ஜெயித்தோம், அது வேறு கதை. அவர் செய்தது நியாயமா, சொல்லுங்கள்.

ஜங்ஷன் அண்ணாச்சி
நியாயம்தான் தம்பி. நான் சாக்கடைக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இன்றைக்கு நீங்கள் ஆற்றுக்காகக் கட்டுவீர்கள், நாளைக்கு இன்னொருத்தன் சாதிக் கலர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவான். நம்ம மாவட்டத்தில் கையில் கட்டும் கயிறு என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? 2023இல் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் கலர் கயிறே கூடாது என்று 2024இல் எழுதிக் கொடுத்தது. கமிட்டிக்காரன் ஒவ்வொரு கையாகப் பிடித்து "இது எந்தக் கயிறு?" என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா? எல்லாத்தையும் அவிழ் என்பதுதான் அவனுக்குப் பத்திரம்.

வி.கே.புரம் செல்வி
அண்ணாச்சி, இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். சாதிக் கயிறு பக்கத்தில் நிற்கிறவனை ஒதுக்குவதற்குக் கட்டுவது. இந்த ரிப்பனை எதிர் டீம்காரனும் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், அவன் வீட்டுக் குழாயிலும் இதே தண்ணிதான் வருகிறது. பாபநாசம் படித்துறைக்கு ஒருநாள் வாருங்கள். பரிகாரம் என்று உடுத்தியிருந்த வேட்டி சேலையை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். கோடையில் தண்ணி இறங்கினால் பாறை இடுக்கில் நைலக்ஸ் சேலை முறுக்கேறிக் கிடக்கும். இழுத்தால் வராது, அரிவாளால் அறுத்துத்தான் எடுக்கணும். ஆறு பிறந்து இறங்குகிற இடத்திலேயே இந்த லட்சணம். அதற்குக் கீழே ஊர் ஊராகச் சாக்கடை சேருகிறது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றால் பத்துப் பேர் பார்ப்பார்கள். மேட்ச் நாளில் ஊரே பார்க்கும்.

பேட்டை வேகம்
"ஊரே பார்க்கும்" என்றுதான் 2018லும் சொன்னார்கள். இரண்டு வருடத் தடை முடிந்து சிஎஸ்கே சேப்பாக்கத்துக்குத் திரும்பிய முதல் மேட்ச், ஏப்ரல் 10. காவிரி வாரியம் அமைக்கவில்லை என்று வெளியே மறியல், உள்ளே செருப்பு. அதுவும் யார் பக்கம்? ஜடேஜா, டூ பிளெசி நின்ற பக்கம். காவிரிக்கும் ஜடேஜாவுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? மீதி 6 ஹோம் மேட்சும் புனேக்குப் போய்விட்டது. நான் அடுத்த மேட்சுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் பிடித்து வைத்திருந்தவன். சென்னை ரசிகனுக்கு புனே வரை தனி ரயிலே விட்டார்கள். பேட்டைக்காரனுக்கு யார் விடுவா? இத்தனைக்கும் காவிரியில் நமக்கு ஒரு சொட்டு வருமா? பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் விழுகிற ஆறு நம்முடையது.

களக்காடு வாழைக்காரன்
சொட்டு வராதவன் பேசக்கூடாது என்றால், சென்னைக்காரன் தாமிரபரணியைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை வே. அவன் பேசாவிட்டால் "தெற்கை மறந்துட்டான்" என்று முதலில் புலம்புகிற ஆள் நீர்தான். செருப்பு எறிந்தது அசிங்கம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தேதியைப் பாரும். பிப்ரவரி 16இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, 6 வாரக் கெடு, மார்ச் கடைசியில் கெடு முடிந்தது. மத்திய அரசு அசையவில்லை. ஏப்ரலில் வயலில் நின்று கத்தினால் யாருக்குக் கேட்கும்? ஐபிஎல்லில் கத்தினார்கள், நாடே பார்த்தது. ஜூன் 1இல் காவிரி ஆணையம் அரசிதழில் வந்தது.

பேட்டை வேகம்
அது கோர்ட்டுக்குப் பயந்து வந்தது. சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்திருந்தாலும் வந்திருக்கும்.

களக்காடு வாழைக்காரன்
கோர்ட்டுக்குப் பயந்திருந்தால் கெடுவுக்குள்ளேயே வந்திருக்குமே வே.

மேலப்பாளையம் ஆஃப் ஸ்பின்
"விளையாட்டில் அரசியல் வேண்டாம்" என்கிறவர்கள் எல்லா அரசியலுக்கும் அதைச் சொன்னால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். 2019 மார்ச்சில் ராஞ்சி ஒருநாள் போட்டியில் நம்ம டீம் ராணுவத் தொப்பி போட்டு ஆடியது. ஐசிசி அனுமதி கொடுத்தது. மூன்று மாதம் கழித்து உலகக் கோப்பையில் தோனி கையுறையில் ராணுவ முத்திரை. அதை எடு என்றது ஐசிசி, உடனே இந்த ஊரில் ஐசிசியைத் திட்டாத ஆள் இல்லை. 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா ஷூவில் "எல்லா உயிரும் சமம்" என்று எழுதினார். காஸா குழந்தைகளுக்காக. அதை மறைக்கச் சொன்னார்கள். அவர் கறுப்புப் பட்டை கட்டி ஆடினார், அதற்கும் கண்டிப்பு. அப்போது "விதி விதிதானே" என்று எழுதியவர்களில் தோனிக்காகச் சண்டை போட்டவர்களும் உண்டு. பெயர் சொல்லவில்லை, பேட்டைக்காரருக்குத் தெரியும்.

பேட்டை வேகம்
தோனி போட்டது நாட்டுக்காக. நாடும் அரசியலும் ஒன்றா?

மேலப்பாளையம் ஆஃப் ஸ்பின்
ஆறு மட்டும் நாட்டில் இல்லையா?

ஜங்ஷன் அண்ணாச்சி
சரி, சண்டை போடாதீர்கள். நான் ஏன் மைதானத்தைத் தனியாக வைக்கச் சொல்கிறேன் என்று கேளுங்கள். 1999 ஜனவரி, சேப்பாக்கம் டெஸ்ட். அதற்குக் கொஞ்சநாள் முன்னால்தான் பாகிஸ்தான் ஆடக்கூடாது என்று டெல்லியில் பிட்சையே கொத்திப் போட்டிருந்தார்கள். சென்னையில் சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். தோற்ற வயிற்றெரிச்சலோடு, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாகிஸ்தான்காரனுக்குக் கை தட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நான் ஜங்ஷனில் ஒரு டிவி கடை வாசலில் நின்று பார்த்தேன், அங்கேயும் தட்டினார்கள். இன்றைக்கு? 2025 ஆசியக் கோப்பையில் கைகூடக் குலுக்கவில்லை. அரசியலை உள்ளே விட்டால் இதுதான் கதி.

களக்காடு வாழைக்காரன்
அண்ணாச்சி, அதே சேப்பாக்கம்தான் 2013இல் சங்கக்காராவை வராதே என்றது. ஈழத்துக்காகக் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்த நேரம். முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார், இலங்கை வீரர் யாரும் சென்னை மேட்சில் ஆடக்கூடாது என்று ஐபிஎல் முடிவெடுத்தது. சிஎஸ்கேவிலேயே இருந்த குலசேகராவுக்கும் அதே கதி. பத்து வருடம் கழித்து, 2023இல், சிஎஸ்கேவின் இலங்கைப் பந்துவீச்சாளர் பத்திரனா பந்தைக் கையில் எடுத்தாலே அதே கேலரி விசில் அடித்துக் காதைக் கிழித்தது. இதில் எது சரி என்று எனக்கு யாராவது சொல்லுங்கள். நான் 2013இல் தடை வேணும் என்று சொன்னவன், 2023இல் பத்திரனா யார்க்கருக்கு வீட்டில் துள்ளியவன். இரண்டுமே நடிப்பில்லை.

வி.கே.புரம் செல்வி
2013இல் எதிர்த்தது போரை நடத்திய அரசை. பத்திரனா 2002இல் பிறந்தவன், போர் முடிந்தபோது சின்னப் பையன். ஆனால் குலசேகராவும் குண்டு போடவில்லையே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மேலப்பாளையம் ஆஃப் ஸ்பின்
அண்ணாச்சி சொன்ன 1999 கைதட்டலை எங்கள் தெருவிலும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அண்ணாச்சி ஜங்ஷனில் நின்று வாசிம் அக்ரம் பந்துக்குக் கை தட்டினால் அவர் ரசிகர். நான் தட்டினால் "அதானே, அவன் ஆளாச்சே" என்பார்கள். இந்தியா பாகிஸ்தான் மேட்ச் நாளில் டீக்கடையில் நான் எந்த டீம் என்று யாரும் என்னைக் கேட்பதில்லை, அவர்களே முடிவு பண்ணிக்கொள்வார்கள். அஸ்வின் ஆடிய காலத்தில் அவர் விக்கெட் எடுத்தால் நான் கத்துகிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கணும், இல்லாவிட்டால் யாராவது கவனிப்பார்கள். மைதானத்துக்குள் அரசியலை நான் கொண்டுவரவில்லை அண்ணாச்சி. நான் உள்ளே வரும்போதே என் மேல் ஏற்றிவிடுகிறார்கள். நான் எந்த ரிப்பனை அவிழ்ப்பது?

ஜங்ஷன் அண்ணாச்சி
தம்பி, இதற்கு நான் பதில் எழுதினால் சப்பைக்கட்டாகத்தான் இருக்கும். ஆனால் என் பயம் போகவில்லை. விளையாட்டுக்காரன் கொடுக்கிற விலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஃபைனலில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். நிறவெறி நாட்டோடு ஆடமாட்டோம் என்று நம்ம அரசு ஒதுங்கியது. ஆடாமலே அவர்களுக்குக் கோப்பை. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் நல்ல ஆட்டத்தில் இருந்த நேரம். இன்றுவரை நாம் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. கொள்கை டெல்லியுடையது, இழப்பு அந்த மெட்ராஸ் பையன்களுடையது.

கல்லிடை கீப்பர்
அண்ணாச்சி, எங்களை யாரும் கட்டச் சொல்லவில்லை, நாங்களாகக் கட்டினோம். 2003 உலகக் கோப்பையில் ஹராரேயில் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலாங்காவும் கறுப்புப் பட்டை கட்டினார்களே, ஜிம்பாப்வேயில் ஜனநாயகம் செத்துவிட்டது என்று, அதுபோல. ஒலாங்காவுக்கு அதோடு நாடே போனது, கிரிக்கெட்டும் போனது. எங்களுக்கு என்ன, ஒரு வாக்ஓவர்.

ஸ்ரீவைகுண்டம் தெற்கு
எல்லாரும் 2018 ஏப்ரலைப் பேசுகிறீர்கள், மே மாதத்தை யாரும் சொல்லவில்லை. மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட்டை மூடு என்று கலெக்டர் ஆபீசுக்கு நடந்தவர்களைச் சுட்டார்கள், 13 பேர். அன்றைக்கு ராத்திரியே மும்பையில் சிஎஸ்கேவுக்கும் ஹைதராபாத்துக்கும் முதல் குவாலிஃபையர். டூ பிளெசி கடைசிவரை நின்று ஜெயிக்க வைத்தார். என் தெருவில் ஒரு வீட்டில் ஆஸ்பத்திரியில் இருந்து தகவல் வரவில்லை என்று அழுதுகொண்டிருந்தார்கள். நாலு வீடு தள்ளி வெடி போட்டார்கள். வெடி போட்டவனும் கெட்டவன் இல்லை, காலையில் அவனும் அந்த வீட்டு வாசலில்தான் நின்றான். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள், ஸ்கோர் பார்க்கவும் வழியில்லை, யார் செத்தார்கள் என்று பார்க்கவும் வழியில்லை. காவிரிக்கு சேப்பாக்கத்தை நிறுத்த முடிந்தது. எங்களுக்காக அந்த டீம் கையில் ஒரு கறுப்புத் துணி கட்டியிருந்தால் எத்தனை வீட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்? அதனால்தான் இந்தப் பையன்கள் கட்டியதை அவிழ்க்கச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

பேட்டை வேகம்
அந்த ராத்திரி நானும் மேட்ச் பார்த்தேன் அக்கா. அதைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒன்று. துக்கத்துக்குக் கட்டுவது வேறு, கோரிக்கைக்குக் கட்டுவது வேறு. முதலாவதை எந்தக் கமிட்டியும் தடுக்கக்கூடாது.

வி.கே.புரம் செல்வி
13 பேர் செத்த பிறகு கட்டினால் துக்கம், சாகாமல் இருக்கக் கட்டினால் அரசியல். நல்ல விதி. 2023 மே 28லும் இப்படித்தான். பாலியல் புகாருக்கு நியாயம் கேட்டுப் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக் எல்லாரையும் டெல்லி ரோட்டில் போலீஸ் இழுத்துப் போட்டது. நாட்டுக்கு மெடல் கொண்டுவந்த பெண்கள். அன்றைக்கு இந்தக் குழுவில் என்ன பேச்சு என்று மேலே போய்ப் பாருங்கள். அகமதாபாத்தில் மழை நிற்குமா, ஐபிஎல் ஃபைனல் நடக்குமா. அது மட்டும்தான்.

கமிட்டி ஆள்
மைக்கில் பேசினவன் நான்தான். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒலாங்கா, அமிர்தராஜ் எல்லாம் பெரிய விஷயம். என் விஷயம் சின்னது. மைதானம் பஞ்சாயத்து இடம், அனுமதி வாங்க நாலு பேர் காலில் விழுந்திருக்கிறேன். அரசாங்கத்துக்கு எதிராக ஏதோ நடந்தது என்று ஒரு போட்டோ போனால் அடுத்த வருடம் டோர்னமென்ட் கிடையாது. அண்ணாச்சி சொன்ன கயிற்றுப் பிரச்சினையும் உண்டு, இரண்டு வருடம் முன்னால் அதனால் ஒரு மேட்ச் பாதியில் நின்றது. அதற்கு அப்புறம்தான் கையில் வாட்ச்கூட வேண்டாம் என்று வைத்திருக்கிறோம்.

கல்லிடை கீப்பர்
அண்ணே, மதிப்புக் கொடுத்துத்தான் அவிழ்த்தோம். ஆனால் நீங்கள் "அரசியல் வேண்டாம்" என்று சொன்னபோது உங்கள் தலைக்கு மேலே இருந்த ஃப்ளெக்ஸில் ஒன்றியச் செயலாளர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் கவுன்சிலர், கீழே கட்சிக் கொடிக் கலரில் பார்டர். பரிசு கொடுக்க வந்தவரும் அவர்தான், பத்து நிமிடம் தேர்தலைப் பற்றித்தான் பேசினார், வெயிலில் நின்றோம். அப்புறம், பாளையங்கோட்டையில் நாம் ஆட ஏங்குகிற மைதானத்துக்குப் பெயர் என்ன? வ.உ.சி. அவரைக் கைது செய்ததற்கு 1908இல் நெல்லையே பற்றி எரிந்தது. 2017 தையில் ஜல்லிக்கட்டுக்காகப் பையன்கள் கூடியதும் அந்த மைதானத்தில்தான்.

கமிட்டி ஆள்
ஃப்ளெக்ஸ் ஆள்தான் தம்பி பந்து, கோப்பை, மைக் செட் எல்லாத்துக்கும் காசு கொடுத்தார். நுழைவுக் கட்டணத்தில் மதியச் சாப்பாடே தேறாது. உங்கள் ஆறு எனக்கு என்ன ஸ்பான்சர் பண்ணியது?

களக்காடு வாழைக்காரன்
உம்ம தொண்டை வறண்டால் மைக் பக்கத்தில் இருந்த குடத்தில் எந்த ஆற்றுத் தண்ணி இருந்தது வே?

பேட்டை வேகம்
இந்த விஷயத்தில் நான் கீப்பர் பக்கம். ரிப்பன் கூடாது என்றால் ஃப்ளெக்ஸும் கூடாது. விதி என்றால் இரண்டுக்கும் போடுங்கள். நான் இன்னமும் சொல்கிறேன், எனக்கு மைதானத்தில் இரண்டுமே வேண்டாம்.

கல்லிடை கீப்பர்
அடுத்த ஞாயிறு செமி. பந்துக்கும் மைக் செட்டுக்கும் நாலு டீமும் சேர்ந்து காசு போடுகிறோம். ஃப்ளெக்ஸை இறக்குவீர்களா அண்ணே?

கமிட்டி ஆள்
கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன். அவரைக் கூப்பிட்டுவிட்டோம், வேண்டாம் என்று யார் போய்ச் சொல்வது என்பது தனிப் பிரச்சினை. ரிப்பனோடு வந்தால் டாஸ் கிடையாது, அது மாறாது.

ஜங்ஷன் அண்ணாச்சி
ஒன்றியச் செயலாளரிடம் நான் சொல்கிறேன், என்னிடம் படித்தவன்தான். நீங்கள் காசைச் சேருங்கள்.