மறு: டைரக்டரி சர்வர், ஆதென்டிகேஷன் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

> வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளிலும் ஒரே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் செல்லும்படி அமைப்பதற்கு ஒரு கையேடு எழுதிவருகிறேன். டைரக்டரி சர்வர் ஆதென்டிகேஷன் என்பதற்கு 'அடைவு வழங்கி அங்கீகாரம்' என்று போட்டிருக்கிறேன். பொருந்துகிறதா?

மூன்று சொற்களில் 'வழங்கி' மட்டும் தேறும். மற்ற இரண்டும் கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே உங்கள் காலை வாரிவிடும்.

முதலில் 'அடைவு'. டைரக்டரி வழங்கியோடு பேசுவதற்கான நெறிமுறை எல்டாப்; அதைச் செயல்படுத்தும் மென்பொருள்களில் ஒன்று ஓப்பன்எல்டாப். அதில் ஒரு பயனரின் பதிவைத் திறந்து பாருங்கள். பெயர், பயனர் எண், குழு எண், ஷெல் ஆகியவற்றோடு 'ஹோம்டைரக்டரி' என்றும் ஒரு பண்பு இருக்கும். அந்த வரியை விளக்கும்போது "பயனரின் முகப்பு அடைவு எது என்பது அடைவில் இருக்கிறது" என்று எழுத வேண்டிவரும். படிப்பவர் வட்டில் கோப்புகளுக்கு நடுவே போய்த் தேடுவார்.

கோப்புகளைப் போட்டு வைக்கும் இடத்துக்கு 'அடைவு' என்பது எப்படியோ பழக்கத்துக்கு வந்துவிட்டது. பதிப்புத் துறையில் அதற்கு வேறு பொருள். சொல்லடைவு, பொருளடைவு, பெயரடைவு என்று நூலின் பின்னிணைப்பில் பார்க்கிறோமே, பெயரைக் கொடுத்தால் விவரம் எங்கே என்று காட்டும் வரிசை, அது. எல்டாப் செய்வதும் அதே வேலைதான். அதன் மூதாதையான எக்ஸ்.500 தரநிலை 1988இல் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து வந்தது; உலகம் முழுவதற்கும் ஒரே பெயர்த்திரட்டு என்பது அதன் நோக்கம். சாதாரணக் கணினிகளால் அதன் கனத்தைத் தாங்க முடியவில்லை. 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹோவ்ஸ் முதலானோர் எடை குறைத்துச் செய்ததுதான் எல்டாப். பயனர் விவரங்களைக் கணினிகளுக்கிடையே பகிரும் சன் நிறுவனத்தின் என்ஐஎஸ்ஸுக்கும் முதலில் 'யெல்லோ பேஜஸ்' என்றே பெயர். பிரிட்டனில் அந்த வணிகக்குறி வேறு ஒருவருடையது என்பதால் மாற்றினார்கள். அதன் கட்டளைகள் மட்டும் இன்றும் 'ஒய்பி' என்றே தொடங்குகின்றன. தொலைபேசிப் புத்தகத்தின் வம்சம் இது. ஆகவே இதற்குப் 'பெயரடைவு' என்றும், வட்டில் இருப்பதற்குக் 'கோப்புறை' என்றும் வைத்துக்கொண்டால் முன்சொன்ன வாக்கியம் பிழைத்துவிடும்: பயனரின் முகப்புக் கோப்புறை எது என்பது பெயரடைவில் இருக்கிறது.

'அங்கீகாரம்' இன்னும் மோசம். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு என்று நாள்தோறும் படிக்கிறோம். மேலிடத்திலிருந்து கிடைக்கும் ஒப்புதலுக்கு அந்தச் சொல். இன்னார் நான்தான் என்று ஒருவர் நிறுவுவது அதில் சேராது. போதாக்குறைக்கு, ஆதென்டிகேஷனுக்கும், எதைச் செய்ய ஒருவருக்கு இடமுண்டு என்று முடிவுசெய்யும் ஆதரைசேஷனுக்கும் இதையே போட்டுவிடுகிறோம்.

இதனால் வரும் தொல்லையை உங்கள் வீட்டு அமைப்பிலேயே காணலாம். பெயரைத் தட்டியதும், நுழைவைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி என்னும் பின்னணி நிரல் பெயரடைவில் தேடி, இப்படி ஒருவர் உண்டு, அவருடைய எண் 10003 என்று தெரிந்துகொள்கிறது. பிறகு கடவுச்சொல்லை வாங்கி, அந்தப் பயனராகவே வழங்கியுடன் பிணைத்துப் பார்க்கிறது (எல்டாப்பில் இதற்குப் பெயர் 'பைண்ட்'). அது தேறிய பிறகுதான், இந்தக் கணினியில் நுழைய இவருக்கு இடமுண்டா என்ற விதியைப் பார்க்கிறது. பெற்றோரின் மடிக்கணினியில் பிள்ளைகள் குழுவுக்கு இடமில்லை என்று விதி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். பையன் சரியான கடவுச்சொல்லைத் தட்டியும் 'அங்கீகாரம் தோல்வி' என்று வந்தால், எழுத்து மாறிவிட்டதோ என்று திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பான். 'இந்தக் கணினியில் உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தால் நேரே அம்மாவிடம் சண்டைக்குப் போவான். போக வேண்டிய இடம் அதுதான்.

> 'ஆளறிதல்' என்று சொல்லலாமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

நல்ல சொல். ஆனால் டிக்கெட் கொடுத்து அடையாளத்தை நிறுவும் கெர்பரோஸ் நெறிமுறை வந்ததும் உடைந்துவிடும். அங்கே மனிதர்களைப் போலவே கணினிகளுக்கும், வலைவழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் போன்ற சேவைகளுக்கும் தனித்தனி அடையாளமும் திறவுகோலும் உண்டு. பயனர் தம்மை நிறுவுவதோடு, எதிரே இருப்பது உண்மையான வழங்கிதானா என்று திருப்பிக் கேட்கவும் வழியுண்டு. 'ஆள்' என்று தொடங்கினால் இவற்றை எங்கே வைப்பது?

'மெய்ப்பு' என்று இன்னொருவர் சொல்லியிருந்தார். அதை அச்சகத்தார் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். 'சரிபார்ப்பு' எழுத்துப்பிழையிலிருந்து சான்றிதழ் வரை எல்லாவற்றுக்கும் உழைத்துக்கொண்டிருக்கிறது. என் வாக்கு 'மெய்ப்பிப்பு'க்கு. முழுதாகச் சொன்னால் 'அடையாள மெய்ப்பிப்பு'. நாக்கில் சற்று முட்டும்தான். ஆனால் பெயர்ச்சொல்லாக மட்டும் பார்க்காமல் வினையாக்கிப் பாருங்கள்: பயனர் தம் அடையாளத்தை மெய்ப்பிக்கிறார், வழங்கி அதை ஏற்கிறது அல்லது மறுக்கிறது. யார் வேலை எது என்பதில் குழப்பமில்லை. ஆதரைசேஷனுக்கு 'அனுமதியளிப்பு' போதும். அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

> பைண்ட் என்பதை 'உள்நுழைவு' என்றே எழுதிவிட்டால் எளிதல்லவா?

வேண்டவே வேண்டாம். பயனர் பெயரைக் கொடுத்துக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், எல்டாப் விதிப்படி அது பெயரிலாப் பிணைப்பாகக் கொள்ளப்படும். அதை ஏற்கும்படி அமைத்த வழங்கி 'வெற்றி' என்றே விடை தரும். அந்த ஒற்றை விடையை நம்பும் செயலி, யார் பெயரைச் சொன்னாலும் உள்ளே விட்டுவிடும். ஓப்பன்எல்டாப் இயல்பாகவே இதை மறுத்துவிடுகிறது. மறுப்பதே இயல்பாக இருக்க வேண்டும் என்று எல்டாப்பின் பாதுகாப்பு விதிகளைக் கூறும் ஆர்எஃப்சி 4513 என்னும் ஆவணமும் சொல்கிறது. ஆனால் பழைய வழிகாட்டியைப் பார்த்து யாராவது அதைத் திறந்து வைத்திருக்கலாம். அந்த ஆர்எஃப்சி இந்த முறைக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழாக்கினால் 'மெய்ப்பிக்கப்படாத மெய்ப்பிப்பு' என்று வரும். இதை எப்படி உள்நுழைவு என்று எழுதுவது? 'பிணைப்பு' என்றே இருக்கட்டும்.

கெர்பரோஸ் தரும் டிக்கெட்டுக்குச் 'சீட்டு' என்று போடலாம். 'சீட்டு வழங்கும் சீட்டு' என்று படித்ததும் சீட்டுக் கம்பெனி நினைவுக்கு வந்து சிலர் ஓடலாம். அதற்கு நாம் பொறுப்பில்லை.

சொல்லுக்கு வெளியே கையேட்டைப் பற்றியும் சில. டெபியன் லினக்ஸில் முதல் பயனருக்கு எண் 1000 கிடைக்கும். வீட்டில் மூன்று கணினி இருந்தால் மூன்று பேர் 1000 ஆக இருப்பார்கள். என்எஃப்எஸ் வழியாக ஒரே வட்டைப் பகிர்ந்ததும் அப்பாவின் கோப்பு மகளுடையதாகத் தெரியும். பெயரடைவில் எண்களை 10000க்கு மேல் தொடங்கச் சொல்லுங்கள். பழைய கோப்புகளின் உரிமையை மாற்றும் படியையும் சேருங்கள். எஸ்எஸ்எஸ்டி மறையாக்கம் இல்லாத எல்டாப் இணைப்பில் கடவுச்சொல்லை அனுப்ப மறுக்கும் என்பதால் மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் சான்றிதழ் பகுதியைப் பின்னிணைப்புக்குத் தள்ளாதீர்கள். கடவுச்சொல்லைத் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் வசதி எஸ்எஸ்எஸ்டியில் இயல்பாக இயங்காது. இயக்காவிட்டால், வழங்கி அணைந்திருக்கும்போது மடிக்கணினியில் பெயரடைவுப் பயனர் யாரும் நுழைய முடியாது. மின்வெட்டைப் பற்றியும் ஒரு பத்தி தேவை. கடிகாரத்துக்கு மின்கலம் இல்லாத சிறு பலகைக் கணினிதான் வழங்கி என்றால், மின்சாரம் திரும்பும்போது அது பழைய நேரத்தோடு விழித்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் வேறுபட்டால் கெர்பரோஸ் இயல்பாகச் சீட்டை ஏற்காது.

* * *

ஐயா, விரிவான மறுமொழிக்கு நன்றி. 'மெய்ப்பிப்பு' எனக்குச் சம்மதம். பொத்தானில் 'மெய்ப்பிக்கவும்' என்று இட்டுப் பார்த்தேன், இடம் போதுகிறது. 'பெயரடைவு' மட்டும் உறுத்துகிறது. இணைய முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ்ஸும் பெயரைக் கொடுத்து விவரம் பெறுவதுதானே? அச்சுப்பொறி, கணினி, குழு எல்லாம் உள்ளே இருக்கும்போது 'விவர அடைவு' என்பது இன்னும் பரந்த சொல்லாக இருக்காதா?

* * *

பரந்த சொல்தான். அதனாலேயே தரவுத்தளமும் அதற்குள் வந்துவிடும். எல்டாப்பில் அச்சுப்பொறியோ குழுவோ எதுவானாலும் மரத்தில் அதன் இடத்தைச் சொல்லும் தனிப்பெயர் ஒன்று கட்டாயம். அந்தப் பெயர் இல்லாமல் பதிவே கிடையாது. அதைச் சொல்வதுதான் 'பெயரடைவு'. டிஎன்எஸ்ஸுக்கு ஏற்கெனவே 'களப்பெயர்' புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே பத்தியில் வந்தாலும் மோதாது. உங்கள் கையேட்டில் வீட்டுக்குரிய களப்பெயராக 'ஹோம்.ஆர்ப்பா' வரப்போகிறது, அங்கேயே சோதித்துப் பார்த்துவிடலாம். அதற்கு மேலும் உறுத்தினால் முதல் இடத்தில் மட்டும் 'பெயரடைவு என்னும் டைரக்டரி' என்று எழுதிவிட்டுத் தொடருங்கள்.

பதிவுகளில் எந்தெந்தப் பண்புகள் வரலாம் என்று வரையறுக்கும் ஸ்கீமாவுக்கு 'வார்ப்பு'ச் சரியா, 'திட்டவரை' சரியா என்ற பேச்சைத் தனி இழையில் தொடங்குங்கள். அதையும் இதில் கலந்தால் கையேடு இந்த ஆண்டு வெளிவராது.