காளான் கொட்டகை: புகை கீழயே நிக்குது, மேல் தட்டு காயுது. உதவி தேவை

கொங்குக்காளான்: சிப்பிக்காளான் போட்டிருக்கேங்க, மிஸ்ட் மெஷின் (தண்ணியைப் பொடியாத் தூவுறது) ஓடுது ஆனா அதோட புகை பூரா தரையிலயே படுத்துக்குது, மேல் தட்டுல பை எல்லாம் காயுது. ஈரப்பத மீட்டர் கீழ 85% மேல 62%. நீராவி காத்தை விட லேசு மேல போயிரும்னு சொன்னாங்க, அப்ப எப்படிங்க இது? அவசரம், மொட்டு வர்ற நேரம்.

செல்வா_ஏசி: மெஷின் பத்தல. பெருசா வாங்குங்க.

மாடித்தோட்டம்: ஈரக்காத்து கனம்தானே, அதான் கீழ இறங்குது.

ராகவன்77: டெம்பரேச்சர் எங்க? கூரை என்ன? இது ரெண்டும் இல்லாம 62, 85னு நம்பர் போட்டா யாருக்கு என்ன புரியும். பழைய பதிவெல்லாம் படிக்கிற பழக்கமே போயிருச்சு.

கொங்குக்காளான்: தகரக் கூரைங்க. கீழ 27, மேல 33.

ஆவி_அளவு: அட இதை முதல்லயே சொல்லக்கூடாதா. 27 டிகிரில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 25.8 கிராம் ஆவி வரைக்கும் தாங்கும், 33ல 35.7. உங்க கணக்குப்படி ரெண்டு இடத்துலயும் ஆவி 22 கிராம்தான். தாங்கற அளவுல எத்தனை சதவீதம் இருக்குன்னுதான் மீட்டர் காட்டும்; மேல ஈரம் குறையல, சூடு ஜாஸ்தி, அதான் 62 காட்டுது. மேல் தட்டுக்கு 33 ரொம்ப அதிகம், முதல்ல தகரத்தைக் கவனிங்க.

மாடித்தோட்டம்: அப்ப புகை ஏன் இறங்குது?

ராகவன்77: கண்ணுக்குத் தெரியறது ஆவியே இல்ல, பொடி பொடியா தண்ணித் துளி. ஆவி லேசுதான், தண்ணி மூலக்கூறு எடை 18, காத்து சராசரி 29. ஆனா ஒரு கன மீட்டர்ல 1 கிராம் துளி ஆவியானா காத்து 2 டிகிரி குளிரும். ஆவி சேர்ந்ததால குறையற எடை அரை கிராம் சொச்சம், குளிர்ந்ததால கூடறது 8 கிராம் கிட்ட. குளிர்தான் ஜெயிக்கும். பத்தாங்கிளாஸ் விஷயம்.

செல்வா_ஏசி: பத்தாங்கிளாஸ்ல எங்க சார் இதெல்லாம் இருந்துச்சு 😄 சேப்பாக்கத்துல புழுக்கமா இருந்தா காத்து கனமாகி பந்து ஸ்விங் ஆகும்னு கமென்ட்ரில சொல்றாங்களே?

ஆவி_அளவு: தப்பு. 30 டிகிரில ஈரம் முழுசா நிறைஞ்ச காத்தும் 35 டிகிரி வறண்ட காத்தும் ஒரே எடை, கன மீட்டருக்கு சுமார் 1.146 கிலோ. ஒரே சூட்டுல இருந்தா ஈரக்காத்துதான் லேசு.

செல்வா_ஏசி: அப்ப ஸ்விங்குக்கு வேற காரணம் சொல்லுங்க. எங்க டீம்ல மழை மேகம் வந்தா நான்தான் முதல் ஓவர்.

ராகவன்77: காத்து மெல்லிசா இருக்கணும்னா ஜோகன்னஸ்பர்க் போங்க, சுமார் 1,750 மீட்டர் உயரம், அடிச்ச பந்து பறக்கும். இங்க காளான் பேசுவோமா?

ஆவி_அளவு: மிஸ்ட் பைப்பை மேல் தட்டுக்கு மேல ஏத்துங்க, சின்ன ஃபேன் ஒண்ணு சுவரைப் பாத்து ஓடட்டும், பை மேல நேரா அடிக்கக் கூடாது. தகரத்து மேல ஓலை போட்டு தண்ணி தெளிங்க.

கொங்குக்காளான்: ஓலை போட்டாச்சு, பைப் ஏத்தியாச்சு. மேல 28, மீட்டர் 83. நன்றிங்க.

செல்வா_ஏசி: சரி, ஸ்விங்குக்கு பதில் யாரும் சொல்லலயே?